இடது கை ஒட்டு

என் கணவருக்குக் கோபமே வராது. கேட்பவர்கள் எல்லாம் "கொடுத்து வைத்தவள்" என்பார்கள். கூடவே குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் அது எவ்வளவு எரிச்சலான விஷயம் என்று தெரியும். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தியே கோபப்பட வேண்டியிருக்கிறது. சின்ன வயதிலேயே என் அண்ணன் எனக்கு 'மிளகாய்' என்று பெயர் வைத்துவிட்டான். அந்தப் பெயரைக் காப்பாற்றும் பொறுப்பும் என் தலையில்தான்.

என் கணவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சீருடை தைக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். நாற்பது துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு நூல் பிசகாமல் வெட்டுவார். அதுவும் இடது கையால். பிறகு கம்பெனி ஒரு வெட்டும் இயந்திரம் வாங்கியது. அதற்கு டீயும் வேண்டாம், லீவும் வேண்டாம். மாஸ்டர் வீட்டுக்கு வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டு மாதம் உட்கார்ந்தார். அந்த இரண்டு கைகளும் வேலையில்லாமல் மடியில் கிடக்கும். "இப்படியே உக்காந்திருந்தா எப்படி?" என்று ஒரு நாளும் அவரைக் கேட்டதில்லை. என் வாழ்க்கையில் நான் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுதான்.

எனக்கும் அண்ணனுக்கும் பொதுவாக ஒரு பசுமைக்குடில் இருக்கிறது. அப்பா போட்டது. இரும்புக் குழாய் வளைவுகளின்மேல் பிளாஸ்டிக் கூரை, உள்ளே பன்னிரண்டு வரிசை. அண்ணன் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பதால் தண்ணீர்க் குழாயும் பம்பும் அவன் பாடு, செடி என் பாடு. முலாம்பழம் மட்டும்தான் போடுவேன். முதல் பத்து வருடம் ஒரு குறையும் இல்லை. கடைசி மூன்று போகமும் மண்ணிலிருந்து வாடல் நோய் ஏறியது. காய் பிடித்து, சரி பிழைத்தோம் என்று நினைக்கும் நேரத்தில் மத்தியானம் ஒரு செடி தலையைத் தொங்கப்போடும். சாயங்காலம் நிமிரும். மறுநாள் மறுபடி தொங்கும். நாலாம் நாள் ஒரேயடியாகப் போய்விடும், பிறகு பக்கத்துச் செடி.

"முலாமை விட்டுடு. குடைமிளகாய் போடலாம். அதுக்கு இந்த நோய் வராது" என்றான் அண்ணன்.

"இந்தக் குடும்பத்துக்கு ஒரு மிளகாய் போதும்" என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் நாற்றுப் பண்ணை ஒன்றில் இரண்டு நாள் ஒட்டுக் கட்டக் கற்றுக்கொண்டு வந்தேன். விஷயம் எளிதுதான். மண்ணில் இருக்கும் அந்த நோய்க்குப் பூசணி வேர் மசியாது. ஆகவே வேர் பூசணியுடையது, தலை முலாமுடையது. இரண்டு நாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூசணித் தண்டில் மேலிருந்து கீழாகச் சாய்வாக ஒரு பாதி வெட்டு, முலாம் தண்டில் கீழிருந்து மேலாக ஒரு பாதி வெட்டு. வெட்டில் கிளம்பும் ஒரு நாக்கை இன்னொரு நாக்குக்குள் செருகி, நெல்லிக்காய் அளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் கிளிப்பை மாட்டி, நாற்று வளர்க்கும் குழித்தட்டில் ஒரே குழியில் நட்டுவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளில் காயம் ஆறி இரண்டும் ஒன்றாகிவிடும். அப்புறம் பூசணியின் தலையைக் கிள்ளிவிட்டு, கிளிப்புக்குக் கீழே முலாம் தண்டை அறுத்துவிட வேண்டும். மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு விரற்கடை துண்டையே எடுத்துவிடுவோம். கிளிப்பை நாங்கள் கழற்றுவதில்லை, போகம் முடிவதற்குள் தண்டு பருத்து அதுவே விலகி விழும்.

வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் பழகிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முலாம் தண்டு ஈர்க்குச்சி மாதிரி இருக்கும், என் கைக்கு அது அடங்கவில்லை. பத்தில் நாலு முறிந்தது. முறியும் ஒவ்வொன்றுக்கும் நான் திட்டிக்கொண்டிருக்க, ஜன்னலோரத்திலிருந்து மாஸ்டர் எழுந்து வந்தார்.

"பிளேடைக் குடு" என்றார்.

வாங்கினார். ஒரு நாற்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது கையால் ஒரு வெட்டு, இன்னொரு வெட்டு, செருகினார், கிளிப் மாட்டினார். அப்புறம் என்னைப் பார்க்கவே இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு மேஜையைக் காலி பண்ணச் சொன்னபோது, "தரையில உக்காந்து சாப்பிடலாமே" என்றார். எட்டு மாதத்தில் அவர் சொன்ன நீளமான வாக்கியம் அதுதான். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

இடது கைக்காரர் என்பதால் ஒரு சிக்கல் இருந்தது. கிளிப்பின் பிடி எப்போதும் ஒட்டுகிறவர் பக்கம் பார்த்திருக்கும். பிடியை நம் பக்கம் வைத்துப் பார்த்தால், நான் ஒட்டிய செடியில் முலாம் தண்டு வலது பக்கம் இருக்கும். அவர் ஒட்டியதில் இடது பக்கம். முதல் சோதனையின்போது இதை யோசிக்காமல் அவருடைய குழித்தட்டை இழுத்து, என் பழக்கத்தில் வலது பக்கத் தண்டுகளை மளமளவென்று அறுத்துக்கொண்டே போனேன். அறுத்ததெல்லாம் பூசணி வேர். முப்பது செடி. வேறு யாராவது இருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். அவர், "பரவால்ல, இனிமே அவங்கவங்க ஒட்டினதை அவங்கவங்களே அறுப்போம்" என்றார். அதுவே எங்கள் மேஜையின் சட்டமாயிற்று. இரண்டு முக்காலி, இரண்டு பிளேடு, அறுத்த துண்டுகளைப் போட ஆளுக்கொரு எவர்சில்வர் கிண்ணம்.

அண்ணன் ஒத்துக்கொண்டான், ஆனால் அரை மனதாக. "இந்த ஒரு போகம். மறுபடி வாடுச்சுன்னா எல்லாத்தையும் பிடுங்கிட்டு குடைமிளகாய்தான்" என்றான். போகிற போக்கில், "பூசணி வேர்ல பழுத்தா பூசணி வாசனைதான் அடிக்கும், பாத்துக்க" என்றும் சொன்னான்.

எனக்கு முலாம் முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குடைமிளகாய்க்கு ஒட்டு வேண்டாம், மேஜை வேண்டாம், மாஸ்டரும் வேண்டாம். அவர் மறுபடி அந்த நாற்காலிக்குப் போய்விடுவார். எனக்கு இருந்த பயமெல்லாம் அது ஒன்றுதான்.

முந்நூறு செடி ஒட்டினோம். அவர் நூற்றெண்பது, நான் நூற்றிருபது. மூன்று நாள் பிளாஸ்டிக் மூடி இருட்டிலும் ஈரத்திலும் வைத்து, மெல்ல மெல்லக் காற்றுக் காட்டி, தண்டை அறுக்கிற நாளும் வந்தது. குடிலுக்குள் மேஜை போட்டு எதிரெதிரே உட்கார்ந்து அறுத்துக்கொண்டிருந்தோம். நான் கடைசிக்கு முந்தின தட்டில் இருந்தேன். வெளியே அண்ணன் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. பிளாஸ்டிக் சுவர், தும்மினால்கூடக் கேட்கும்.

"எங்க மாப்பிள்ளையா? துணி வெட்டின கை, செடியை வெட்டிட்டு இருக்கு. நிக்குமான்னு கேட்டா நான் என்ன சொல்ல? தங்கச்சிக்காக விட்டு வெச்சிருக்கேன்."

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. பிளேடோடு எழுந்து வெளியே போனேன். "துணி வெட்டின கைன்னா அவ்வளவு இளக்காரமா? அந்தக் கை ஒட்டினதுல நூத்துக்கு தொண்ணூத்தெட்டு பிடிச்சிருக்கு. உன் கை மாட்டின பம்பு மாசத்துக்கு ரெண்டு தடவை நிக்குது!" என்று ஆரம்பித்தவள்தான். கால் மணி நேரம். அண்ணன் போனைக் கட் பண்ணிவிட்டு, "முதல்ல அந்த பிளேடைக் கீழ போடு தாயே" என்றான்.

மூச்சு வாங்க உள்ளே வந்து உட்கார்ந்தேன். மாஸ்டர் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினார். குடித்துவிட்டுத் தட்டை இழுத்து வேலையைத் தொடர்ந்தேன்.

செடிகள் நின்றன. சும்மா சொல்லக்கூடாது, பூசணி வேரின் முரட்டுத்தனம் முலாமுக்கு வந்துவிட்டதோ என்னவோ, கயிற்றில் விறுவிறுவென்று ஏறின. மாஸ்டர் விடிந்ததும் குடிலுக்குப் போய்விடுவார். கொடியைக் கயிற்றில் சுற்றிவிடுவார், காய்க்கு வலைப்பை கட்டுவார், வரிசைக்கு வரிசை நின்று ஏதோ பேசுவார். என்னிடம் பேசுவதைவிட அதிகம் பேசுகிறாரே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

காய்கள் கைப்பிடி அளவு வந்திருந்த ஒரு மத்தியானம், எட்டாம் வரிசைக் கடைசியில் ஏழு செடிகள் தலையைத் தொங்கப்போட்டிருந்தன. ஏழும் அடுத்தடுத்து.

மூன்று நாளில் அண்ணனுக்கு விஷயம் போய்விட்டது. வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தான். "நான் சொல்லலை? வந்துடுச்சு. பூசணி வேரும் மண்ணாங்கட்டியும். நாளைக்கு ஆளுங்களை அனுப்பறேன், எல்லாத்தையும் பிடுங்கிடலாம்" என்றான்.

நான் விதை விற்றவனையும், ஒட்டுச் சொல்லிக்கொடுத்த பண்ணைக்காரியையும், மண்ணையும் வெயிலையும் மனதுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன்.

மாஸ்டர் குனிந்து ஒரு செடியின் அடியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மண்ணைக் கிளறி வேரோடு எடுத்தார். "மச்சான், இங்க பாருங்க. ரெண்டு வேர் இருக்கு. முலாம் தண்டை அறுக்கவே இல்ல. நோய் அந்த வேர் வழியா ஏறியிருக்கு. பூசணி வேர் சுத்தமா இருக்கு பாருங்க. அறுத்த செடிக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

"யாரு அறுக்காம விட்டது?"

"நான்தான்" என்றார் மாஸ்டர். மற்ற ஆறையும் விறுவிறுவென்று பிடுங்கி, ஒரு சாக்கில் போட்டு வாயைக் கட்டினார். "கவனிக்காம விட்டுட்டேன்."

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "சரி மாப்பிள்ளை. ரெண்டு வாரம் பாக்கறேன். இன்னொரு செடி வாடினா எல்லாம் வெளியே. வாடலேன்னா முலாமே இருக்கட்டும், ஆனா அடுத்த தடவை நீங்க பிளேடைத் தொட வேணாம். வேற ஆள் பாத்துக்கலாம்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எதைச் செய்திருக்கக் கூடாதோ அதைச் செய்தேன். அண்ணன் முன்னாலேயே அவர்மேல் பாய்ந்தேன். "உங்களுக்காக நான் ஊரோட சண்டை போடறேன், நீங்க கனவு கண்டுட்டு அறுப்பீங்களா? இனிமே அந்த மேஜைப் பக்கமே வராதீங்க!"

அவர், "சரி" என்றார்.

மறுநாளிலிருந்து அவர் ஜன்னலோரத்தில் இருந்தார். நானும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை 'ணங்'கென்று வைப்பேன். அவர் "உப்பு சரியா இருக்கு" என்பார், நான் கேட்காமலே. அப்படியே பத்து நாள். எட்டாவது செடி வாடவில்லை.

நோய்ச் செடியைக் குடிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கக் கூடாது, எரித்துவிட வேண்டும். அந்தச் சாக்கை மாஸ்டர் எரிப்பதாகச் சொல்லியிருந்தார். இடையில் நாலு நாள் மழை, அப்புறம் அவரைத்தான் நான் வரவிடவில்லையே. பதினோராம் நாள் நல்ல வெயில். பம்பு ரூமுக்குப் பின்னால் கூரைக்கடியில் கிடந்த சாக்கை அவிழ்த்துக் கொட்டினேன். ஏழு செடியும் சருகாகியிருந்தன, ஆனால் கிளிப்புகள் அப்படியே இருந்தன. தீக்குச்சியைக் கிழிக்கப் போனவள் பழக்கதோஷத்தில் ஒன்றைக் கையில் எடுத்து, கிளிப்பின் பிடியை என் பக்கம் திருப்பினேன்.

முலாம் தண்டு வலது பக்கம் இருந்தது.

அடுத்ததை எடுத்தேன். வலது. அதற்கடுத்தது, வலது. ஏழும் வலது பக்கம்தான். ஏழும் என் கை. வரிசையாக ஏழு, ஒரு தட்டின் கடைசி ஏழு குழி. எந்தத் தட்டு என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிளேடோடு எழுந்து போனேனே, அந்தத் தட்டு. சண்டை முடிந்து வந்து, முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த தட்டை இழுத்திருக்கிறேன். நட்டவளும் நான்தான், அப்போதும் அடியைக் குனிந்து பார்க்கவில்லை. அவரோ அன்றைக்குக் குனிந்த உடனேயே பார்த்துவிட்டார். அதனால்தான் அவ்வளவு அவசரமாகச் சாக்கின் வாயைக் கட்டியிருக்கிறார்.

வெயிலில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வந்த வெட்கத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த மனிதர்மேல் வந்த பிரியத்தையும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

வீட்டுக்கு வந்தேன். நாற்காலியில் இருந்தார். அவர் மடியில் ஒரு செடியைப் போட்டேன்.

"இது யாரு ஒட்டினது?"

பார்த்தார். கிளிப்பைத் திருப்பக்கூட இல்லை. "இன்னும் எரிக்கலையா?" என்றார்.

"பேச்சை மாத்தாதீங்க. ஏன் நீங்கன்னு சொன்னீங்க?"

"மச்சான் உன்னைச் சொன்னா உன்னால தாங்க முடியாது. என்னைச் சொன்னா நான் தாங்குவேன்."

"நான் சொன்னேனே. அண்ணன் முன்னாடி, மேஜைப் பக்கம் வராதீங்கன்னு. அதையும் தாங்கினீங்களா?"

"அது கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு, "நீ அன்னைக்கு யாருக்காக எந்திரிச்சுப் போனே? எனக்காகத்தானே? அப்ப அந்த ஏழும் என் கணக்குதானே" என்றார்.

அந்த நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. "எந்திரிங்க" என்றேன். "சட்டையை மாத்துங்க. அண்ணன் கடைக்குப் போறோம்."

"எதுக்கு? விடு."

"எந்திரிங்கன்னா எந்திரிங்க."

அண்ணன் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு, முழங்கை வரைக்கும் கிரீஸோடு இருந்தான். அண்ணி பில் புத்தகத்தோடு மூலையில் இருந்தாள். ஏழு செடியையும் அவனுடைய பெஞ்சின்மேல் வைத்தேன். கிளிப்பைத் திருப்பி, முலாம் வலது பக்கம் இருந்தால் என் கை, இடது பக்கம் இருந்தால் மாஸ்டர் கை என்று காட்டினேன். "அறுக்காம விட்டது நான். உன்னோட சண்டை போட வந்தப்ப விட்டது. அவர் பேர்ல தப்பு இல்ல. என் தப்பு" என்றேன்.

அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். அண்ணியைப் பார்த்தான். "கேட்டியா? மறுபடி சொல்லச் சொல்லு. நாப்பத்தாறு வருஷத்துல முதல் தடவை."

"மறுபடியெல்லாம் சொல்ல முடியாது" என்றேன். "பிளேடைத் தொடக்கூடாதுன்னா எனக்குச் சொல்லு. அவரை மேஜையில இருந்து எழுப்பாதே அண்ணா. எழுப்பினா அவர் மறுபடி ஜன்னலோரத்துக்குத்தான் போவாரு."

மாஸ்டர் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார், காதெல்லாம் சிவந்திருந்தது. அண்ணன் ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்தான், விரல் விரலாக.

"எட்டாவது வாடுச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? நீங்க பாட்டுக்கு ஒட்டுங்க மாப்பிள்ளை. நான் அன்னைக்கு போன்ல பேசினது தப்புதான்" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "இவளை மட்டும் கொஞ்சம் செக் பண்ணிக்குங்க" என்றான்.

மீதிச் செடிகள் எல்லாமே கடைசி வரை நின்றன. முதல் பழத்தை அண்ணனுக்குத்தான் அறுத்தேன். மூக்கருகே வைத்து மோந்து பார்த்தான். ஒரு துண்டு தின்றான். "லேசாப் பூசணி வாசனை அடிக்கற மாதிரிதான் இருக்கு" என்றான். பேசிக்கொண்டே பாதிப் பழத்தைக் காலி பண்ணினான். மீதிப் பாதியை அண்ணிக்கு என்று கேட்டு வாங்கிப் போனான். அண்ணியிடம் அப்புறம் விசாரித்தேன், அவளுக்கு விதைகூட வந்து சேரவில்லையாம்.

இப்போது அடுத்த போகம். மேஜையில் சட்டம் மாறியிருக்கிறது. அவரவர் ஒட்டியதை அவரவர் அறுக்கிறோம், ஆனால் முடித்த தட்டை எதிராளி பார்த்த பிறகுதான் கீழே இறக்க வேண்டும். அவர் தட்டில் எனக்கு இன்றுவரை ஒன்றும் அகப்படவில்லை.

நேற்று நான் ஒரு தட்டின் நடுவில் இருந்தபோது அண்ணன் வெளியே வந்து நின்று, தண்ணீர்க் குழாயை மாற்றவா வேண்டாமா என்று கேட்டான். எழுந்து போனேன். பேச்சு எப்போதும்போலத்தான் முடிந்தது. திரும்பி வந்து மீதியை முடித்து, தட்டை மாஸ்டர் பக்கம் தள்ளிவிட்டு, கை கழுவப் போனேன். வந்து உட்கார்ந்தேன்.

"எல்லாம் சரியா இருக்கா?" என்றேன்.

"உன் கைக்கு என்ன குறைச்சல்? எல்லாம் சரியா இருக்கு" என்றார்.

அவர் தன் அடுத்த தட்டை இன்னும் தொடங்கியிருக்கவில்லை. கழுவி வைத்த அவருடைய கிண்ணம் காலியாக இருக்க வேண்டும். அதன் அடியில் விரற்கடை நீளத்தில் ஒரே ஒரு முலாம் தண்டுத் துண்டு, வெட்டின ஈரம்கூடக் காயாமல் கிடந்தது.

வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.